வாட்ச் அப்புறம், முதலில் மாத்திரை டப்பா

"அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 74. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறார்கள், நான் சிங்கப்பூரில். இருவருக்கும் சர்க்கரை, பிபி. அப்பாவின் இதயத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பார்க்கிறோம், மற்றதுக்கெல்லாம் கடலூரிலேயே டாக்டர்கள். ஸ்மார்ட் வாட்ச், வீட்டுக்குள் சென்சார், மாத்திரை ஆப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 40,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எது உண்மையிலேயே பயன்படும்?" இதுதான் நீங்கள் கேட்டது.

வாட்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் 22 வருடம் இருந்தவன். காகிதக் கட்டுகள் கம்ப்யூட்டருக்குள் போன காலம் முழுக்க அங்கேதான் வேலை. வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் எங்கே உதவுகிறது, எங்கே வெறும் பொம்மையாக நிற்கிறது என்று அங்கே பார்த்ததில் கொஞ்சம் தெரியும். மீதியை என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.

அம்மா பாகூரில் இருந்தார். பிபிக்கு ஒரு தனியார் டாக்டர் டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையில் சேர்ந்ததை எழுதியிருந்தார். அதற்குச் சில மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி அம்லோடிபின் 5 மி.கி. கொடுத்திருந்தார்கள். அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று நீள அட்டை, ஒன்று காகித உறைக்குள் வெட்டிப் போட்ட துண்டு. பெயரும் வேறு, நிறமும் வேறு. அவர் கணக்கில் அவை இரண்டு வேறு மருந்துகள். உண்மையில் அவர் உடம்புக்குள் தினமும் 10 மி.கி. அம்லோடிபின் போய்க்கொண்டிருந்தது. அந்த மருந்து அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது சகஜம். அம்மாவுக்கும் வீங்கியது. வீக்கத்தைக் காட்ட மூன்றாவதாக ஓரிடத்துக்குப் போனார். அங்கே முந்தைய இரண்டு சீட்டும் கையில் இல்லை. நீர் பிரிய ஃபுரோசமைடு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளில் ஒரு விடியற்காலை பாத்ரூமுக்குப் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

இதில் எந்த டாக்டரும் தப்பான மருந்து எழுதவில்லை. அவரவர் முன்னால் இருந்த தகவலுக்கு அவரவர் எழுதியது சரி. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து போடுவது முதியோர் மருத்துவத்தில் பழக்கப்பட்ட விபத்து. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் ரெக்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் முதல் வேலை இதுதான். இருவரும் இன்றைய தேதியில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரே ஒரு சரியான பட்டியல். அது எல்லா டாக்டர் முன்னாலும் இருக்க வேண்டும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் சொன்ன எல்லாக் கருவிகளையும்விட இது அதிகம் காப்பாற்றும்.

இது ஏன் நம் பகுதியில் இன்னும் முக்கியம் என்றால், கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு நிர்வாகம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை தமிழ்நாடு அரசுடையது. புதுச்சேரி பொது மருத்துவமனை புதுச்சேரி அரசுடையது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரோ மத்திய அரசுடையது. இவற்றோடு மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக், செம்மண்டலத்தில் ஒரு லேப் என்று தனியார் வேறு. ஒவ்வொன்றிலும் உங்கள் அப்பாவுக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் தகவல் பெரும்பாலும் அந்தந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வருவதில்லை. இடையில் போய்வருவது அம்மா கையில் இருக்கும் மஞ்சப்பை ஒன்றுதான். நம் ஊரில் மருத்துவமனைகளை இணைக்கும் நெட்வொர்க் நீண்ட காலம் அதுவாகத்தான் இருந்தது, பல வீடுகளில் இன்னும் அதுதான்.

சரி, பட்டியலை எப்படிப் போடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வாருங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவு, சாமி அலமாரி, கைப்பை, தலையணைக்கு அடியில், எல்லா இடத்திலும் தேடச் சொல்லுங்கள். கண் சொட்டு மருந்து, தைலம், லேகியம், மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கால்சியம், எதுவும் விட்டுப்போகக் கூடாது. அதிலும் அந்த மூட்டு வலி மாத்திரை மேல் ஒரு கண் வையுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டர் கேட்டால் மட்டும் அது ஒருவருக்கும் நினைவுக்கு வராது.

ஒவ்வொரு அட்டையிலும் உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயரும் இருக்கும், கம்பெனி வைத்த பெயரும் இருக்கும். எழுதவேண்டியது மூலப்பெயரை. அதோடு எத்தனை மி.கி., எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எதற்காக' என்ற கட்டம் காலியாக நின்றால் அந்த மாத்திரையைப் பற்றி அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று அர்த்தம். நீங்களாக நிறுத்தவேண்டாம், கேளுங்கள். இன்னொன்று, மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி இருக்கும் முனை கடையிலேயே தங்கிவிடும். தேதி இருக்கும் பக்கத்தைக் கடைசியாகப் பிய்க்கும் பழக்கத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பட்டியலைப் போனில் டைப் செய்து, ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, மேலே தேதி போட்டு வையுங்கள். மருந்து மாறினால் பழைய தாளைக் கிழித்துப் போடவேண்டும். பழைய தாளும் புதுத் தாளும் ஒரே பையில் இருப்பது, பட்டியலே இல்லாததைவிட மோசம்.

பட்டியல் கையில் வந்ததும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வயதுக்கு இதில் எதையாவது குறைக்கலாமா?" முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்கவேண்டிய மருந்துகளுக்கென்றே பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று 1991-லிருந்து இருக்கிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை 2023-ல் புதுப்பித்தது. சர்க்கரைக்குப் போடும் கிளிபென்கிளமைடு அதில் நெடுநாளாக இருக்கிறது, வயதானவர்களுக்குச் சர்க்கரையை ரொம்ப நேரம் ரொம்பக் கீழே இறக்கிவிடும் என்பதால். நல்ல மருத்துவமனை மென்பொருளில் இப்படி ஒரு மருந்தை எழுதும்போதே எச்சரிக்கை வரும். ஆனால் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எச்சரிக்கை நாளுக்கு நூறு தடவை வந்தால் கை தானாக 'சரி'யை அழுத்திவிட்டுப் போய்விடும். எந்தப் பொட்டியும் நீங்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

அடுத்தது ஆபா எண். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் கொடுக்கும் 14 இலக்க எண் இது. நாடு முழுவதற்கும் 2021 செப்டம்பர் 27-ல் வந்தது. அதற்கு முன்னால் 2020 ஆகஸ்ட் 15-ல் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை முறையில் தொடங்கினார்கள், அதில் புதுச்சேரியும் ஒன்று. ஆக, இந்த விஷயத்தில் நம் பக்கம் கொஞ்சம் மூத்தது. பலரும் இதைக் காப்பீட்டு அட்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். இதில் ஒரு பைசாகூட வராது. இது உங்கள் அப்பாவின் பதிவுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சேர்த்துக் காட்டும் ஒரு சாவி, அவ்வளவுதான். அவர் சம்மதம் கொடுத்தால் வேறு மருத்துவமனை பார்க்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். காசு வருவது வேறு அட்டையில்: 70 வயது தாண்டிய எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா. உங்கள் பெற்றோர் இருவருமே அந்த வயதைத் தாண்டியவர்கள். எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை அங்கங்கே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

ஆபாவில் ஒரு பெரிய 'ஆனால்' உண்டு. மருத்துவமனையோ லேபோ தன் பக்கத்திலிருந்து பதிவை இணைத்தால்தான் அது உங்கள் ஆபா செயலியில் தெரியும். எண் எடுத்ததுமே பழைய ரிப்போர்ட் எல்லாம் வந்து குவியும் என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வராததை நீங்களே படம் எடுத்து ஏற்றலாம். அதைச் செய்யுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஏற்றவேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம், கடைசி எக்கோ ரிப்போர்ட், கடைசி இசிஜி, ஒரு வருடத்து ரத்தப் பரிசோதனைகள், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை. இவ்வளவு போதும். 2009-ல் எடுத்த டைபாய்டு டெஸ்ட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. ஸ்கேனுக்கு இன்னமும் சில இடங்களில் சிடி கொடுக்கிறார்கள், அதைப் போட்டுப் பார்க்க வீட்டு லேப்டாப்பிலும் வழியில்லை, பல டாக்டர் மேசையிலும் வழியில்லை. வாங்கும்போதே லிங்க்காகவோ பென்டிரைவிலோ கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு முட்டுக்கட்டை வரும், அதை இப்போதே பாருங்கள். அப்பாவின் ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது? நான் பார்த்த வீடுகளில் பாதியில் அது எப்போதோ மகன் வாங்கிக் கொடுத்த, இப்போது உயிரோடு இல்லாத சிம். அல்லது வெளிநாட்டில் இருக்கும் மகளின் நம்பர். கவுண்டரில் ஓடிபி கேட்பார்கள், அது சிங்கப்பூரில் நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது வரும். அவர் கையில் இருக்கும் நம்பரையே ஆதாரில் சேர்த்துவிடுங்கள். இதை வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கும் தபால்காரர்கள் உண்டு, தபால் நிலையத்தில் சொல்லி வைத்தால் போதும்.

விரல் ரேகையும் ஒரு தொல்லை. வயதாக ஆக ரேகை தேயும். பண்ருட்டிப் பக்கம் வாழ்நாள் முழுக்க முந்திரி உடைத்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் தோட்டு எண்ணெய் விரல் தோலையே அரித்துவிடும். மெஷின் அவர்களை "நீ நீயில்லை" என்று திருப்பி அனுப்பும்போது அவர்கள் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். முக அடையாளம், ஓடிபி என்று வேறு வழி இருக்கும் இடங்களில் அதைத் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், வரும்போது அளந்தும் பார்க்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, முற்றிய நோயில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் அதே திட்டத்தில் வரும். வருகிற தன்னார்வலர் பெரும்பாலும் அதே பகுதிப் பெண்தான். அவர் அளந்த எண்ணைத் தன் கணக்கில் பதிந்துகொண்டு போவார், அதையே உங்கள் வீட்டு நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். தனியார் டாக்டர் மருந்து எழுதியிருந்தால் இந்தத் தன்னார்வலரிடமும் மருந்துப் பட்டியலைக் காட்டவேண்டும். என் அம்மா கதை மறுபடி நடப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒன்று: கையின் மேல்பகுதியில் கட்டும் பிபி மெஷின். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும்போது பட்டையின் அளவைப் பாருங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக் கைக்கு. மெலிந்துபோன வயதானவர்களுக்கு அது தொளதொளவென்று இருக்கும், எண் தப்பாக வரும். சின்னப் பட்டை தனியாகக் கிடைக்கும்.

அளக்கும் முறைதான் விஷயம். காபி குடித்த கையோடு, மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அளக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து 5 நிமிடம் உட்கார வேண்டும், பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல். பேசக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் நம் வீடுகளில் உடையும். அம்மா அளக்கும்போது அப்பா பக்கத்தில் நின்று "எவ்வளவு, எவ்வளவு" என்று கேட்டாலே போச்சு. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். தினமும் அளந்து கவலைப்படுவதைவிட, டாக்டரைப் பார்க்கப்போகும் வாரம் ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் அளந்தால் நல்ல படம் கிடைக்கும். வீட்டில் எடுக்கும் அளவுக்கு எல்லைக் கோடு 135/85. கிளினிக்கில் வைக்கும் 140/90 இல்லை.

வயதானவர்களுக்கு இன்னொரு அளவும் உண்டு, பலரும் விட்டுவிடுவது. உட்கார்ந்து எடுத்தபின் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுக்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், விடியற்காலையில் விழப்போகிறவர் இவர்தான். அதை உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு இதை யாரும் எடுக்கவில்லை, மெஷின் வீட்டில் இருந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எண்ணை எழுதினால் மட்டும் போதாது. எந்த எண் வந்தால் யாருக்கு போன் செய்யவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். யாரும் எதுவும் செய்யாத எண் வீட்டில் பயத்தை மட்டும்தான் வளர்க்கும். 162 வந்த இரவில் அம்மா தூங்காமல் விழித்திருப்பார், அதனாலேயே காலையில் 170 வரும்.

குளுக்கோமீட்டர் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சர்வதேச தரப்படியே அது 15 சதவீதம் முன்பின் காட்டலாம். 142-க்கும் 158-க்கும் வித்தியாசம் தேடி வீட்டில் சண்டை போடவேண்டாம். ஸ்டிரிப் டப்பாவை இறுக்கி மூடாவிட்டால் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் ஏறி அது வீண். கவனிக்கவேண்டியது மேலே போவதைவிடக் கீழே போவதை. 70-க்குக் கீழே வந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுக்கவேண்டும், அன்றே டாக்டருக்குச் சொல்லவேண்டும். பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. 6.5-க்கு இழுத்துப் பிடித்து மயங்கி விழ வைப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பற்றியும் ஒரு வார்த்தை. லேப் ரிப்போர்ட்டில் 1.2 என்று வந்தால் "கொஞ்சம்தானே கூட" என்று விட்டுவிடுவோம். 78 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறக்குறைய 46 வரும், சரியாக இருப்பவர்களுக்கு அது 60-க்கு மேல் இருக்கவேண்டும். அந்த வேகம் 30-க்குக் கீழே போனால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையே நிறுத்தவேண்டும். அதனால் எந்த லேபில் எடுத்தாலும் இந்தக் கிரியேட்டினின் எண்ணை மட்டும் தேதியோடு ஒரே வரிசையில் எழுதி வையுங்கள். ஒரு எக்செல் தாள் போதும். உங்களால் சிங்கப்பூரிலிருந்து செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது என்பேன். தனித்தனி ரிப்போர்ட்டில் தெரியாத சரிவு வரிசையில் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

தொலைமருத்துவம் பற்றிக் கேட்பீர்கள். 2020 மார்ச் 25-ல் வந்த விதிமுறைகளின்படி பதிவு பெற்ற டாக்டர் வீடியோவிலும் போனிலும் பார்க்கலாம், சீட்டில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அரசின் இ-சஞ்சீவனி இலவசம். தொடர்ந்து பார்க்கும் நோய்க்கு, ரிப்போர்ட் காட்ட, மருந்து அளவு மாற்ற இது நல்லது. கோரிமேடு வரை போய் வர ஒரு நாள் போகும் ஊரில், அதில் பாதியை இது மிச்சப்படுத்தும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பு, புதிதாக வந்த குழப்பம், விழுந்து அடிபட்டது, இவற்றுக்கு வீடியோவைத் திறக்கவே கூடாது, 108-தான்.

அதோடு காது. அப்பாவுக்குக் கேட்பது குறைவு என்றால் வீடியோவில் "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார், எதுவும் மண்டையில் ஏறியிருக்காது. ஹெட்செட் போட்டுவிடுங்கள், முடிந்தால் நீங்களும் அந்த அழைப்பில் சேர்ந்து, கடைசியில் டாக்டர் சொன்னதை அப்பாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் கூட இருந்து இணைத்துக் கொடுப்பது. அவர் அளந்து சொல்வார், தொட்டுப் பார்ப்பார். அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன. மையத்தில் பயிற்சி பெற்றவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்க, பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அங்கிருந்தே பேசி முடிவு சொல்கிறார். அவர்களின் புதுச்சேரி மருத்துவமனை கடலூர் சாலையில், தவளக்குப்பத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை உள்ள இருவருக்கும் வருடம் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். தொழில்நுட்பம் மனிதரை விலக்காமல் நடுவில் ஒரு மனிதரை வைத்துக்கொண்டால் வயதானவர்களிடம் எடுபடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

மாத்திரை ஆப் வேண்டாம். ஏழு நாள் கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும், சனிக்கிழமை மாலை வீடியோ காலில் நீங்கள் பார்க்க அம்மா நிரப்பட்டும். போனில் அலாரம் வைத்து, மணிச் சத்தத்துக்குப் பதில் உங்கள் குழந்தையின் குரலைப் பதிந்து போடுங்கள், "தாத்தா, மாத்திரை!" என்று. மணிச் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர் பேத்தி குரலுக்கு எழுந்து உட்காருவார்.

காகிதப் பிரதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று தோன்றலாம். கடலூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். போன் சார்ஜ் போய், டவரும் போன நாளில் இணைய மேகத்தில் (கிளவுடில்) இருக்கும் ரிப்போர்ட் மேகத்திலேயே இருக்கும். வெறும் காகிதத்தை நம்பியவர்களின் ஃபைலும் அதே வெள்ளத்தில் கூழாய்ப் போனது. ஆகவே இரண்டும் வேண்டும்: போனில் ஒன்று, உங்களிடம் ஒன்று, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள், பரண் மேல். அக்டோபர் பிறந்ததும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் இருந்தால் கரண்ட் இல்லாத நாளுக்கு மண்பானையைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் கேமரா வைப்பது பற்றி ஒன்றே ஒன்று: அவர்களைக் கேட்காமல் வைக்காதீர்கள். ரிப்போர்ட்டுகளும் அப்படித்தான். அவை அப்பாவுடையவை. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அவருடைய புராஸ்டேட் ரிப்போர்ட்டைப் போட்டு மாமா, சித்தப்பா எல்லாரும் கருத்துச் சொன்ன வீடு எனக்குத் தெரியும், அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு எந்த டெஸ்ட்டுக்கும் போகவில்லை. அதோடு "ஆயுஷ்மான் அட்டை போட்டுத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கம்மா" என்று வரும் அழைப்புகளைப் பற்றி இருவருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லவேண்டும்.

சரி, வாட்ச். தினமும் சார்ஜ் போடவேண்டும், குளிக்கும்போது கழற்றி வைப்பார்கள், விழுவதோ பாத்ரூமில். கையைத் தட்டி எழுந்தாலே "விழுந்துவிட்டீர்களா" என்று கேட்கும் ரகங்களும் உண்டு, இரண்டு தடவை கேட்டால் அப்பா அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் பிரச்சினை அவருக்கு இருந்து, டாக்டரே வாங்கச் சொன்னால் வாங்குங்கள்.

40,000-ஐ நான் செலவு செய்தால் இப்படிச் செய்வேன். நல்ல பிபி மெஷின் ஒன்று, தேவைப்பட்டால் சின்னப் பட்டையோடு. பாத்ரூமில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரை விரிப்பு, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவில் தானாக எரியும் விளக்குகள். அப்பாவுக்குக் காது டெஸ்ட். மீதியை, தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவரிடம் பேசி, மாதம் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போய், உள்ளே வந்து உட்கார்ந்து, திரும்பி வந்ததும் சீட்டைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவதற்காகக் கொடுப்பேன். நீங்கள் அன்றைக்கே பட்டியலை மாற்றி புதுத் தாளை அனுப்புங்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். பழையதைக் கிழித்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.